பூமாரிக்கு வசனம் இல்லை

பூமாரியக்காவின் வேஷத்துக்கு வசனம் எழுதாமல் விட்டது நான்தான். அவரைப் பற்றி எழுத உட்காரும்போது இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

2003ஆம் வருடம். நான் பி.ஏ. வரலாறு முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்தவள் நான் ஒருத்திதான். அத்தாவுக்குக் கம்பம் ஊரில் பழைய இரும்புக் கடை. டிகிரி வாங்கிய பெண்ணை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. எய்ட்ஸ் பற்றி ஊர் ஊராகப் போய்த் தெருமுனை நாடகம் போடுவது அவர்கள் திட்டம். நாடகத்தை எழுதுவது, ஆள் சேர்ப்பது, நடத்த இடம் கேட்பது எல்லாம் என் பொறுப்பு.

ஆண்கள் நான்கு பேர் ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டார்கள். நோய் வந்த பெண்ணாக நடிக்கத்தான் ஆள் இல்லை. மகளிர் குழுக் கூட்டம் எங்கே நடந்தாலும் போய்க் கேட்டேன்.

"நடிக்கிறதா? எங்க வீட்டுக்காரரு அருவாளத் தூக்கிருவாரு."

"ஏம்மா, ஒனக்கு நாங்க என்ன கெடுதல் செஞ்சோம்?"

ஒரு பெண் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "டாக்டரம்மா வேசம் எதும் இருக்கா?" என்று கேட்டாள்.

தெருவில் நாலு ஆம்பளைகள் பார்க்கச் சத்தம் போட்டுப் பேச வேண்டும் என்பதுதான் அவர்களைப் பயமுறுத்துகிறது என்று நினைத்தேன். ஊமைப் படக் காலத்தில் நடிக்கப் பெண்களே கிடைக்காமல் ஆண்களுக்குச் சேலை கட்டி நடிக்க வைத்தார்கள் என்று வகுப்பில் சொல்லிக் கேட்டபோது நாங்கள் சிரித்திருக்கிறோம். அது எழுபது எண்பது வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வேறு வழி தெரியாமல் அந்த வேஷத்தில் இருந்த பேச்சையெல்லாம் அடித்தேன். நடுவில் உட்கார்ந்தால் போதும், மற்றவர்கள் பேசுவார்கள். கொடுமைக்கார மாமியாராக, அந்த நால்வரில் ஒருவரான அழகர் அண்ணன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வருவார் என்று முடிவானது.

இதைச் சொல்லிக் கம்பத்துக்குப் பக்கத்துச் சுருளிப்பட்டிக் குழுக் கூட்டத்தில் கேட்டபோதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"உக்காந்துருந்தாப் போதுமா? கூலி உண்டுல்ல?"

அதுதான் பூமாரியக்கா. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்று, பன்னிரண்டு வயதில் அம்மாவோடு ஏலக்காய்த் தோட்டத்துக்குக் களை எடுக்க மலை ஏறியவர். அன்றிலிருந்து தினமும் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு தாண்டிக் கேரளத்துத் தோட்டத்துக்குப் போய், பொழுது சாயத் திரும்புவார். கணவர் சுருளிராஜன் தேங்காய் லோடு ஏற்றுகிறவர். ஒரே மகள், எட்டாம் வகுப்பு.

"ஞாயித்துக்கிழமையில தோட்டம் கிடையாது. ஜீப்புல இடிபட்டு உக்காருறதுக்கு, வட்டத்துல அகட்டி உக்காந்துட்டுப் போறேன்" என்றார். பெண்கள் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக ஒருத்தி, "கூத்தாடி ஆகப் போறாளாம்ல" என்றாள். பூமாரியக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒத்திகையில் முதல் நாள் அவர் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அழகர் அண்ணன், "நல்லாத்தே இருக்கு. ஆனா எழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார். மாமியார் குடத்துத் தண்ணீரைத் தனியாகத் தேங்காய்ச் செரட்டையில் ஊற்றி மருமகளிடம் தள்ளும் கட்டம் அது. செரட்டை என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். டீக்கடைகளில் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பூமாரியக்கா கொஞ்ச நேரம் செரட்டையையே பார்த்தார். "செரட்டையில குடுத்தா அழுவாகளா? அழமாட்டாக. வாங்கிக் குடிச்சுட்டு, அத எங்கிட்டு வைக்கிறதுன்னு தேடுவாக" என்றார். அடுத்த முறை அப்படியே செய்தார். குடித்து முடித்து, காலிச் செரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைத்தால் யாருக்கும் சங்கடம் இல்லை என்று சுற்றிலும் பார்த்தார். எங்கள் நான்கு நடிகர்களும் பேச வேண்டியதை மறந்து நின்றார்கள்.

நாடகத்தின் கடைசியில் அவர் எழுந்துபோய், எல்லாருக்கும் பொதுவான குடத்தில் தானே மொண்டு குடிப்பார். அதோடு முடியும். மேடை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, முகப்பூச்சுக்குக் காசும் கிடையாது. தோட்டத்துக்குக் கட்டிப் போகும் சேலையோடுதான் உட்காருவார்.

கடமலைக்குண்டில் சந்தையன்று நாடகம் போட்டோம். முடிந்ததும் ஒரு கிழவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பூமாரியக்காவின் முன்னால் இரண்டு வாழைப்பழத்தை வைத்தார். "கொணமாயிரும் தாயி. ஒன்னைய இப்பிடித் தெருவுல கூட்டியாந்து காட்டுறவக நல்லா இருப்பாகளா" என்று எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் பழத்தைப் பங்குபோட்டுத் தின்று விழுந்து விழுந்து சிரித்தோம். அக்காவின் நடிப்புக்குக் கிடைத்த பரிசு என்றேன். அந்தக் கிழவர் சொன்னதை அன்றே யோசித்திருக்க வேண்டும். அழகர் அண்ணன் மாமியார் என்றால் அது நடிப்பு என்று எல்லாருக்கும் தெரிந்தது, மீசை இருந்ததே. டாக்டர் பேசினார், பஞ்சாயத்துத் தலைவர் பேசினார், எல்லாம் நடிப்பு. நடுவில் ஒரு பெண் மட்டும், ஒரு வார்த்தை பேசாமல், பூச்சில்லாமல், வேலைச் சேலையோடு உட்கார்ந்திருக்கிறாள். நோயாளியையே கையோடு கூட்டிவந்து உட்கார வைத்து அவள் கதையைச் சொல்கிறார்கள் என்றுதான் பாதிப் பேர் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் பேச்சு சுருளிப்பட்டிக்கு வந்து சேர ஆறு வாரம் ஆனது. கொண்டுவந்தது யார் என்று தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் பூமாரியக்கா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்தவள் எழுந்து எதிர் வரிசையில் போய் இன்னொருத்தி மடிமேல் உட்காராத குறையாக நெருக்கி உட்கார்ந்தாள். பின்னால் பதினைந்து பேர் அடைத்துக்கொண்டு போகும் வண்டி அது. அதில் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் இருந்தது.

"என்ன, இன்னைக்கு எனக்கு மட்டும் சொகுசா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

ஜீப்பில் மூத்தவர் மொக்கம்மாள். யார் எங்கே உட்காருவது என்பது அவர் வைத்த சட்டம். அவர்தான் வாயைத் திறந்தார்.

"ஏன்டி பூமாரி, ஒனக்கு அந்தச் சீக்கு இருக்குங்கிறாக. நெசமா?"

"நாடகம் மதினி அது. நடிக்கிறேன்."

"நடிக்கிறவ பேசுவால்ல? நீ வாயே தொறக்கலயாம்ல. மூஞ்சியில பவுடர் உண்டா, பளபளன்னு ஒரு சீல உண்டா? நடிப்பு எங்களுக்குத் தெரியாததாக்கும்."

"பேசாம உக்காந்துருக்கதுதே வேசம்."

"சரி, நீ சொல்றபடியே நடிக்கத்தே போறேன்னு வையி. ஆம்பளையளோட ஊர் ஊராப் போயி ஆடுறவளுக்கு அந்தச் சீக்கு வராம வேற யாருக்கு வரும்? எப்பிடிப் பாத்தாலும் ஒண்ணுதே."

இதை என்னிடம் சொன்னபோது பூமாரியக்கா அந்தப் பேச்சைக் கொஞ்சம் ரசித்துத்தான் சொன்னார். "எப்பிடி மடக்குனா பாத்தியா யாஸ்மினு? நடிச்சாலும் சீக்கு, நடிக்காட்டியும் சீக்கு. நீ படிச்ச பிள்ள, ஒனக்குக்கூட இப்பிடி வாதம் வராது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் நாள் ஜீப் டிரைவர் கர்ணன் அவரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டான். "அக்கா, எனக்கு உங்க மேல ஒண்ணுமில்ல. பதினாலு பேரு எறங்கிட்டா நான் வண்டிய வித்துட்டுப் போக வேண்டியதுதே. ஆஸ்பத்திரியில ஒரு சீட்டு வாங்கியாந்து காமிச்சிருங்க. அது வரைக்கும் வர வேணாம்."

ஜீப்பில் இடம் இல்லை என்றால் தோட்டம் இல்லை. தோட்டம் இல்லை என்றால் அந்த வீட்டில் பாதி அடுப்பு இல்லை. சுருளிப்பட்டியில் வேறு ஜீப்பும் இருந்தது. ஆனால் ஒரு ஜீப்பில் இறக்கிவிட்டவளை இன்னொரு ஜீப்பில் ஏற்றுவார்களா?

இதற்கு எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. மறுநாளே அவரைக் கம்பம் அரசு ஆஸ்பத்திரியில் இருந்த பரிசோதனை மையத்துக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள். பெஞ்சில் காத்திருந்தபோது என்னிடம் கேட்டார்:

"ஏன் யாஸ்மினு, அந்த வேசத்துக்கு ஆள் கெடைக்கலன்னு ஊரெல்லாம் அலைஞ்சியே. நீயே உக்காந்திருக்கலாம்ல?"

"எங்க வீட்ல விடமாட்டாகக்கா."

"எங்க வீட்ல மட்டும் கம்பளம் விரிச்சு அனுப்புனாகளாக்கும்."

என் வீட்டுக்கு ஒரு மானம் இருக்கிறது, அது நடித்தால் போய்விடும் என்று நினைத்த நான், அவர் வீட்டுக்கு அப்படி ஒன்று இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேனா? மொக்கம்மாள் வாய்விட்டுச் சொன்னதைத்தான் நான் சொல்லாமல் வைத்திருந்தேனோ? இன்று வரை இந்தக் கேள்விக்கு எனக்குப் பிடித்தமான ஒரு பதில் கிடைக்கவில்லை.

தாள் வந்தது. நோய் இல்லை. நான் படித்துச் சொன்னதும், "அது எனக்குத் தெரியாதா" என்றார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தோம். வாசல் வேப்பமரத்தடியில் நின்ற ஒரு பெண் எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். நேராகப் பூமாரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என்னையத் தெரியாது உங்களுக்கு. கடமலைக்குண்டுச் சந்தையில உங்களப் பாத்தேன். எங்க வீட்டுக்காரரு போயி நாலு மாசமாச்சு. எனக்கும் இருக்குமோன்னு பாக்கப் பயந்துக்கிட்டே கெடந்தேன். அம்புட்டுக் கூட்டத்துல நீங்க எந்திரிச்சு எல்லாரும் குடிக்கிற கொடத்துல மொண்டு குடிச்சீகளே. அதப் பாத்துட்டுத்தே வந்தேன். தேனியில போனா தெரிஞ்ச மொகம் இருக்கும்னு இம்புட்டுத் தூரம் வந்துருக்கேன்."

"என்ன சொன்னாக?"

"இருக்குன்னுட்டாக." அவள் குரல் ஒன்றும் மாறவில்லை. "நீங்க இருக்கீகள்ல. உங்களப் பாத்தா தெம்பாத்தேன் இருக்கு. உங்களுக்கு எத்தன வருசமாச்சுக்கா?"

நான் பூமாரியக்காவைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை.

"எனக்கு இல்லத்தா. நான் நாடகத்துல நடிக்கிறவ. இந்தா, இப்பத்தே பாத்துட்டு வாரேன்."

அந்தப் பெண் கையை விட்டாள். கோபமெல்லாம் இல்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்தாள், அவ்வளவுதான். "அப்பிடியா. தப்பா நெனச்சுக்கிட்டேன்க்கா, மன்னிச்சுக்கங்க" என்றாள். அதுவரை பேசிய பேச்செல்லாம் அன்னியர் ஒருத்தரிடம் பேசியது போல அவளுக்கு ஆகிவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு நின்றாள்.

பூமாரியக்கா அவளை விடவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்து, தேனி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்து உட்கார வைத்து, எங்கள் அலுவலக போன் நம்பரை என்னிடம் எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார். பஸ் கண்ணுக்கு மறையும் வரை நின்று பார்த்தார். பிறகு சொன்னார்:

"நான் இந்தத் தாளக் காட்ட மாட்டேன்."

"ஏன்க்கா? உண்மையத்தானே சொல்லப் போறீங்க?"

"உண்மைதே. எனக்கு இல்ல, அதனால ஏறுறேன்னு இதக் காட்டுனா, இருக்கறவ ஏறக் கூடாதுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்ல. அந்தப் பிள்ள நாளைக்கு அவ ஊரு ஜீப்புல எதக் காட்டி ஏறும்?"

நான் விடாமல் வாதாடினேன். உங்களுக்கு மகள் இருக்கிறாள், அந்தப் பெண்ணுக்கு உதவ வேறு வழிகள் இருக்கின்றன, ஒருத்தர் பட்டினி கிடந்து ஊர் திருந்தாது என்றெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், "நீ எழுதுன நாடகந்தானே? அதுல அவ சீட்டக் காட்டியா தண்ணி குடிக்கிறா?" என்றார்.

எழுதும்போது அது எனக்கு ஒரு கட்டம் மட்டும்தான். அவர் அதை நம்பி நடித்திருக்கிறார்.

பத்து நாள் அவர் மலை ஏறவில்லை. திராட்சைத் தோட்டத்தில் குறைந்த கூலிக்குக் கொடி கட்டப் போனார். ஆனால் தினமும் காலையில் தூக்குவாளியோடு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போவார். "இடமிருக்கா கர்ணா?" என்று கேட்பார். "சீட்டு இருக்காக்கா?" என்பான் அவன். "இருக்கு. காட்ட மாட்டேன்" என்பார். ஜீப் போய்விடும்.

சுருளிராஜன் அண்ணனுக்கும் அடி விழுந்தது. சலூனில் நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று மூன்று நாள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நான் வீட்டுக்குப் போயிருந்த அன்று முள்ளுமுள்ளாகத் தாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"நீயாவது சொல்லும்மா. ஒரு காயிதம். நாலு பேருக்குக் காட்டுனா முடிஞ்சுபோற காரியம். இவ பிடிவாதம் பிடிக்கா."

"காட்டலாம்" என்றார் பூமாரியக்கா, அரிசி களைந்துகொண்டே. "மொத உங்க காயிதத்த வாங்கியாங்க. எனக்கு வந்தா உங்ககிட்டருந்துதே வரணும். ரெண்டையும் சேத்தே சாவடிச் சொவத்துல ஒட்டிருவோம்."

அண்ணன் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு தாடியைச் சொறிந்துகொண்டே சிரித்துவிட்டார். "இவளுக்குப் போயி வசனம் இல்லாத வேசங் குடுத்தியே தாயி" என்றார்.

அன்றுதான் பூமாரியக்கா தன் முடிவைச் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாடகம் சுருளிப்பட்டியில், அதுவும் ஜீப் நிற்கும் இடத்தில் போட வேண்டும். சொந்த ஊரில் வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்னவரே அவர்தான். கடைசியில் தான் பேச வேண்டும் என்றும் சொன்னார். என்ன பேச வேண்டும், எழுதித் தருகிறேன் என்றேன். "நீ எழுத வேணாம். எனக்குப் பேசத் தெரியும்" என்றார்.

ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு அழகர் அண்ணன் தப்பை அடித்ததும் கூட்டம் கூடியது. வழக்கத்தைவிட மூன்று மடங்கு. நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் பாதி, கூத்தாடியைப் பார்க்க வந்தவர்கள் பாதி. மொக்கம்மாள் முன்வரிசையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கர்ணன் தன் ஜீப் பானட் மேல் இருந்தான்.

மாமியார் வந்தபோது சிரித்தார்கள். செரட்டை வந்தபோது சிரிப்பு நின்றது. பூமாரியக்கா குடித்தார், காலிச் செரட்டையை வைக்க இடம் தேடினார். வேறு ஊரில் அது நடிப்பாக இருந்தது. இங்கே அவர் பார்த்த ஒவ்வொரு முகமும் தெரிந்த முகம். ஓரிருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு எழுந்து போய்க் குடத்தில் மொண்டு குடித்தார். வழக்கமாக அங்கே தப்புச் சத்தம் வரும். அன்று வரவில்லை.

"என் பேரு பூமாரி" என்றார். கூட்டத்தில் யாரோ, "தெரியும்ல" என்றான். "தெரியும்ல, பெறகு கேளு. நான் நடிக்கிறவ. கூத்தாடின்னு சொல்றீக, சொல்லிக்கங்க. செஞ்ச வேலைக்குத்தே கூலி வாங்குறேன். எனக்கு இந்தச் சீக்கு இருக்கா இல்லையான்னு தாள்ல எழுதிக் குடுத்துருக்காக. அது என் பொட்டியில இருக்கு. யாருக்கும் காட்ட மாட்டேன். இருந்தாலும் நான் நாளைக்கு ஜீப்புல ஏறுவேன், இல்லாட்டியும் ஏறுவேன். பக்கத்துல உக்காந்தா ஒட்டாது, ஒரே கொடத்துல குடிச்சா ஒட்டாது. இத்தன நேரம் டாக்டரு வேசம் போட்டவரு அதத்தே கத்துனாரு. உக்காருறவக உக்காருங்க. எறங்குறவக எறங்குங்க. நான் எறங்க மாட்டேன்."

யாரும் கை தட்டவில்லை. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. மொக்கம்மாள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "பேச்சப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பூமாரியக்கா அதற்குப் பிறகு ஐந்து வருடம், 2008 வரை, எங்கள் குழுவில் நடித்தார். பேசும் வேஷங்கள்தான், வக்கீல் வேஷம்கூட. கடமலைக்குண்டுப் பெண் நான்கைந்து முறை அலுவலகத்துக்குப் போன் செய்து அவரிடம் பேசியிருக்கிறாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை. ஆனால் அவர் வாழ்க்கையில் எனக்கு மறக்காதது அந்த நாடகத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை காலைதான். மனசு கேட்காமல் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போயிருந்தேன்.

ஜீப் நின்றிருந்தது. பின்னால் பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பூமாரியக்கா வந்தார். கர்ணன் ஒன்றும் கேட்கவில்லை, ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்தான். அவர் தூக்குவாளியை உள்ளே வைத்தார், படியில் காலை வைத்தார்.

மூன்று பெண்கள் இறங்கினார்கள். நாலாவதாக ஒருத்தி எழுந்தபோது மொக்கம்மாள், "எறங்குனா இன்னைக்குக் கூலி போச்சு. அப்பறம் எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தாத" என்றார். அவள் உட்கார்ந்தாள். மொக்கம்மாள் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். ஆனால் முழங்காலை ஒரு சாண் ஒதுக்கி வைத்தார். அந்த ஒரு சாணில் பூமாரியக்கா உட்கார்ந்தார். கர்ணன் வண்டியை எடுத்தான்.

இறங்கிய மூவரில் ஒருத்தி என்னிடம் வந்தாள். "நீதானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவ? ஒனக்குத் தெரியும்ல. இருக்கா, இல்லையா?"

ஒரு வார்த்தை போதும். அந்த மூவரும் நாளைக்கே ஏறிவிடுவார்கள், சலூனில் அண்ணனை உட்கார வைப்பார்கள், எல்லாம் சரியாகிவிடும். அந்த வார்த்தை உண்மையும்கூட. என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தெரியும்" என்றேன். "சொல்ல மாட்டேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "படிச்ச திமிரு" என்றாள். மூவரும் அடுத்த ஜீப்பைப் பார்க்கக் கம்பம் ரோட்டுப் பக்கம் நடந்தார்கள். நான் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஐந்தரைக்குக் கர்ணனின் ஜீப் திரும்பி வந்தது. பூமாரியக்கா அதிலிருந்துதான் இறங்கினார்.